நீங்களே எழுதிட்டு வாங்க

கையெழுத்துப் பைத்தியம் என்று ஒரு வியாதி உண்டு. மருந்து கிடையாது. எங்கள் விடுதியை ஆரம்பித்தவருக்கு அது பள்ளிக்கூட நாளிலேயே பிடித்துவிட்டது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். அதனால் அவர் காதில் விழாதபடி அவரை லென்ஸ் ஐயா என்போம். மருந்துக்கடை நடத்திச் சம்பாதித்ததையெல்லாம் இந்த விடுதியில் போட்டவர். நல்ல மனிதர், அதில் இரண்டாம் பேச்சு இல்லை. நல்ல மனிதரிடம் வேலை பார்ப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

விடுதி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். குழந்தைகள் மருத்துவமனையின் பின்வாசலுக்கு நேர் எதிரே கீழும் மேலுமாகப் பன்னிரண்டு அறைகள், ஒரு பொதுச் சமையலறை, துணி காயப்போட மொட்டைமாடி. புற்றுநோய் சிகிச்சைக்குத் தூரத்திலிருந்து வரும் பிள்ளைகள் அம்மாவோடு மாதக்கணக்கில் தங்குவார்கள். மருந்து ஏறிய பிள்ளைக்குச் சாதாரணச் சளி பிடித்தால்கூட ஆபத்து. பேருந்திலும் கூட்டத்திலும் அலைக்கழிக்க முடியாது. தெருவைக் கடந்தால் டாக்டர், திரும்பக் கடந்தால் படுக்கை, நாங்கள் செய்கிற உபகாரம் அவ்வளவுதான். அலுவலகம் என்று போர்டு மாட்டிய அறையில் நான் ஒருத்திதான். கடிதம், தொலைபேசி, சாவிக்கொத்து, அடைத்துக்கொண்ட கழிவுக்குழாய் எல்லாம் என் தலையில்.

கட்டடம் அரசாங்கத்துடையது. குத்தகை முடிந்துவிட்டது, அறுபது நாளில் காலி செய்யவும், அந்த இடத்தில் கார் நிறுத்தும் மாடிக் கட்டடம் வருகிறது என்று ஒரு நாள் நோட்டீஸ் வந்தது. அம்மாக்களைச் சமையலறையில் கூட்டிவைத்துப் படித்துக் காட்டினேன். ஒருத்தி அழுதாள். ஒருத்தி ஏதோ நான்தான் நோட்டீஸ் அனுப்பியதுபோல என்னைத் திட்டினாள். நான்காம் அறைக்காரி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

“அறுபது நாள்னா எத்தனை வாரம் அக்கா?”

“எட்டரை.”

“என் பொண்ணுக்கு இன்னும் பதினாலு வாரம் மருந்து இருக்கே.”

அவள் வீடு ஆறு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருந்தது. பெண்ணுக்கு ஏழு வயது. மருந்தைப் பாதியில் விட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். வெளியே அறை எடுக்க அவளுக்கு வழியில்லை. அன்று முழுக்க அந்த ஐந்தரை வாரம் என் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

மனு எழுதலாம் என்று லென்ஸ் ஐயாவிடம் சொன்னேன்.

“மனுவை யார்மா படிப்பா?” என்றார். “தலைவர்கள் கிட்ட கையெழுத்தோட ஆதரவுக் கடிதம் வாங்குவோம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, ஒருத்தரையும் விடக்கூடாது. தோல் அட்டை போட்டு ஆல்பமாக் கட்டி, கட்டடத்துறை அமைச்சர் கையிலயே கொடுப்போம். எல்லாரும் ஒண்ணா நிக்கிறதைப் பார்த்தா அவர் மனசு இளகாதா?”

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கட்டடத்துக்காகவா ஆல்பத்துக்காகவா என்று கேட்க வாய் வந்தது. சம்பளம் கொடுப்பவர் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாளே படியேறத் தொடங்கினேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் தாராளமாகத்தான் இருந்தார்கள். எந்தத் தலைவரின் அலுவலகத்துக்குப் போனாலும் உதவியாளர் சிரித்த முகத்தோடு உட்காரச் சொன்னார், விடுதியைப் பற்றி அரை நிமிடம் கேட்டார், பிறகு எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

“நீங்களே எழுதிட்டு வாங்க. ஐயா கையெழுத்துப் போட்டுருவார்.”

ஆக, எல்லாத் தலைவர்களின் ஆதரவையும் நானே எழுத வேண்டியதாயிற்று. அதிலும் எத்தனை நிபந்தனை! ஒருவருக்குக் கண்ணீர் கட்டாயம் வேண்டுமாம். இன்னொருவர் வீரமானவராம், கண்ணீரே கூடாதாம். மூன்றாமவருடைய கடிதம் இரண்டாமவருடையதைவிட ஒரு வரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று உதவியாளர் அடிக்கோல் வைத்து அளக்காத குறையாகப் பார்த்தார். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் ஆல்பத்தில் முதல் பக்கம் கேட்டார்கள். ஆளுக்கொரு ஆல்பம் கட்டி, அவரவரைத் தனித்தனியாக முதல் பக்கத்தில் வைத்துவிடலாம் என்று லென்ஸ் ஐயா உத்தரவு போட்டார். அதைச் சொல்லும்போது தனக்கு இரண்டு ஆல்பம் கிடைக்கப்போகிற சந்தோஷத்தை மறைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

வீட்டிலும் அதே வேலை. சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளை எழுப்பிவிட்டு உட்கார்ந்து எழுதினேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, நேத்து ஆளுங்கட்சியா இருந்தே. இன்னைக்கு எதிர்க்கட்சியா? ஒரே வாரத்துல இத்தனை தடவை கட்சி மாறினவங்க நாட்டுலயே நீ ஒருத்திதான்.”

“வாயை மூடிட்டுத் தட்டைக் கழுவுங்க.”

“உத்தரவு, தலைவரே.”

ஒன்பது கடிதம் வந்து சேர்ந்த பிறகு ஆல்பத்துக்காக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். எதிர்க்கட்சிக் கொறடாவின் கடிதத்தைக் கையில் எடுத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘பிஞ்சு முகங்களைக் காணும்போது’ என்று தொடங்கிய பத்தியில், பிறகு யோசித்து நிரப்பலாம் என்று நான் எனக்கே எழுதிவைத்திருந்த குறிப்பை எடுக்க மறந்திருக்கிறேன். ‘இங்கே உருக்கமாக இரண்டு வரி’ என்று அச்சாகி, அதன் கீழே பச்சை மையில் கையெழுத்தும் முத்திரையும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. அவர் படிக்கவில்லை. உதவியாளர் படிக்கவில்லை. பூதக்கண்ணாடி வைத்துக் கால் மணி நேரம் பார்த்த லென்ஸ் ஐயாவும் படிக்கவில்லை. அவர் கையெழுத்தின் சுழியை மட்டும் பார்த்திருந்தார்.

மாற்றி வாங்கிவருகிறேன் என்றேன். பதறிப்போனார்.

“போட்ட கையெழுத்தைக் கிழிக்கிறதா? என்னம்மா பேசறே! அதுவும் இந்த ‘ர’வைப் பாரு, சும்மா வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு.”

எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு பயங்கரக் கோபம் வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரியும். இங்கே ஏட்டைக்கூட ஒருத்தரும் புரட்டவில்லை. நாற்பது நாள் ஓடிவிட்டது. நான்காம் அறைப் பெண்ணுக்கு இன்னும் எட்டு வாரத்துக்கு மேல் மருந்து பாக்கி.

அடுத்த நாள் பார்த்தவர் ஒரு முன்னாள் மந்திரி. பதவி போய் ரொம்ப நாளாகிறது. அலுவலகத்தில் அவரும் ஒரு நாற்காலியும்தான். கடிதத்தை வாங்கியவர், வரிக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே முழுவதும் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உங்க விடுதிக்கு நான் வந்திருக்கேனா?”

“இல்லீங்க.”

“அப்புறம் ‘நேரில் கண்டு நெகிழ்ந்தேன்’னு இருக்கே?”

“எல்லாரும் அப்படித்தாங்க நெகிழ்ந்திருக்காங்க.”

அவர் சிரிக்கவில்லை. கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். “கையெழுத்துப் போட்டுட்டா இது நான் சொன்னதா ஆயிடும்மா. நான் சொல்லலையே.”

நேரில் வந்து பாருங்கள் என்றதற்கு முழங்கால் வலி என்றார். ஒருத்தர் ஒழுங்காகப் படித்தார், அவரும் போடவில்லை. படியிறங்கும்போது அவரை வாய்விட்டே திட்டினேன். ஆனால் பேருந்தில் உட்கார்ந்ததும் அவர் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் அவர் சொன்னதாக ஆகிவிடுமாமே. அப்படியானால் கட்டடத்துறை அமைச்சர் என்ன சொல்ல வேண்டுமோ அதை அல்லவா நான் எழுத வேண்டும்? இத்தனை நாள் நெகிழ்ச்சியை எழுதிக்கொண்டிருந்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அமைச்சருக்கு ஆல்பம் கொடுக்கப் போகிறோம். ஆனாலும் அவருடைய கடிதமும் அதில் இல்லாமல் எப்படி என்று லென்ஸ் ஐயா ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அன்று சாயங்காலமே எழுதினேன். முதல் பத்தி பிள்ளைகள். இரண்டாம் பத்தி தொண்டுள்ளம். மூன்றாவதில் இப்படி எழுதினேன்: ‘ஆகவே, இக்கட்டடத்தைக் காலி செய்யுமாறு அனுப்பப்பட்ட அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது. இவ்விடுதி மேலும் பத்தாண்டுகளுக்கு இங்கேயே இயங்கும்.’

அமைச்சரின் செயலாளர் காதில் பென்சில் செருகிய ஒல்லி மனிதர். கையெழுத்துக்குப் போக வேண்டிய தாள்களை அடுக்கி, அமைச்சர் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவது அவர் வேலை. என் கடிதத்தை வாங்கினார். பென்சில் முனை வரிவரியாக இறங்கி, மூன்றாம் பத்தியில் நின்றது. நின்றது நின்றதுதான்.

“எத்தனை ரூம்?” என்றார் தாளைப் பார்த்தபடியே.

“பன்னிரண்டுங்க.”

“முதல் பத்தியை இன்னும் கொஞ்சம் நீட்டிட்டு வாங்க. ஐயா முதல் பத்தி மட்டும் பார்ப்பார், சில நாள்.”

நீட்டி எடுத்துக்கொண்டு போனேன். பெருக்கல் குறி போட்டார். மூன்றாம் நாள் கையெழுத்தோடு கடிதம் என் கைக்கு வந்தது.

நேரே கட்டடத்துறையின் சொத்துப் பிரிவுக்கு ஓடினேன். அங்கிருந்த அதிகாரி இரண்டு தடவை படித்தார். படிக்கிற அதிகாரி! எனக்கு நம்பிக்கை வந்தது.

“இது உங்களுக்கு வந்த வாழ்த்துக் கடிதம்மா. எங்களுக்கு வந்த உத்தரவு இல்லை.”

“கையெழுத்து இருக்கே சார்.”

“கையெழுத்து இருக்கு. அவர் சொன்னாரா?”

“இதென்ன சார் கேள்வி? கையெழுத்துப் போட்டா சொன்ன மாதிரிதானே?”

“நான் இருபத்தாறு வருஷமா இங்க இருக்கேன்,” என்றார் அவர், ரொம்பப் பொறுமையாக. “அவர் வாயால சொல்லட்டும், பார்ப்போம்.”

சொல்ல வைத்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். காலி செய்ய வேண்டிய நாள் திங்கட்கிழமை. ஆல்பம் கொடுக்கும் விழா அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மருத்துவமனையின் கூட்ட அரங்கில். லென்ஸ் ஐயாவிடம் போய்ப் பக்குவமாகப் பேச்செடுத்தேன்.

“ஐயா, ஆல்பத்தைச் சும்மா கொடுக்கறதுக்குப் பதிலா, வர்ற தலைவர்கள் அவங்கவங்க கடிதத்தை அவங்க வாயாலயே வாசிச்சா எப்படி இருக்கும்?”

அவர் எழுந்தே நின்றுவிட்டார். “கையெழுத்துக்குப் பக்கத்துல குரலும்! பதிவு பண்ணி வச்சுக்கலாமேம்மா!”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

வெள்ளிக்கிழமை அரங்கில் முன்வரிசை பெரிய மனிதர்களுக்கு. அம்மாக்கள் பின்வரிசையில், பிள்ளைகளை நர்சுகளிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பத்துத் தலைவர்களில் இரண்டே பேர் வந்தார்கள். மற்றவர்கள் மாலை மட்டும் அனுப்பினார்கள். வந்த இருவரில் ஒருவர் கொறடா. அவர் ஆல்பத்தைத் திறந்து, தொண்டையைச் செருமி, மேடைக்குரலில் வாசித்தார்.

“பிஞ்சு முகங்களைக் காணும்போது என் நெஞ்சம்... இங்கே உருக்கமாக இரண்டு வரி!”

குரலை உயர்த்தி, கையையும் உயர்த்தி, அப்படியே நிறுத்தினார். அரங்கம் அதிரக் கைதட்டல். பக்கத்தில் லென்ஸ் ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு தலையைக் குனிந்தேன்.

அடுத்து அமைச்சர். முதல் பத்தியைப் பழகினவர்போல வாசித்தார். இரண்டாம் பத்தியில் வேகம் கூடியது. மூன்றாம் பத்திக்கு வந்தபோது அவருடைய வாய் கண்ணைவிட முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

“ஆகவே, இக்கட்டடத்தைக் காலி செய்யுமாறு அனுப்பப்பட்ட அறிவிப்பு ரத்து செய்யப்படுகிறது. இவ்விடுதி மேலும் பத்தாண்டுகளுக்கு...”

அங்கே நின்றார். தாளைப் பார்த்தார். திரும்பிச் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சீவ வேண்டுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நான்காம் அறைக்காரி எழுந்து நின்றாள். ஒவ்வொருவராக எல்லா அம்மாக்களும் எழுந்தார்கள். ஒருத்தியும் கைதட்டவில்லை.

அமைச்சர் கண்ணாடியைக் கழற்றினார். முகம் அப்படியே மாறியது. இதற்குத்தான் அவர்கள் அமைச்சர், நாம் நாமாக இருக்கிறோம்.

“இங்கேயே இயங்கும்!” என்றார் கணீரென்று. “இந்த வரியை எழுத நான் எத்தனை இரவு தூங்காமல் இருந்தேன் தெரியுமா?”

அதன்பிறகு இருபது நிமிடம் அந்தத் தூங்காத இரவுகளைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு சொல்லையும் எப்படித் தேர்ந்தெடுத்தார் என்று விளக்கினார். பத்தாண்டு என்று ஏன் போட்டார் என்பதற்கு ஒரு காரணம் சொன்னார். எனக்கே அது புதிதாக இருந்தது, நன்றாகவும் இருந்தது. கிளம்பும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்று, உதட்டை அசைக்காமல் கேட்டார்.

“யாரும்மா எழுதினது?”

“நீங்கதாங்க ஐயா.”

போய்விட்டார்.

சனி, ஞாயிறு போயிற்று. திங்கட்கிழமை காலையில் உத்தரவு வரவில்லை. அளவு நாடாவோடு ஒரு மேஸ்திரி வந்தார். வாசலிலிருந்து அளக்க ஆரம்பித்தார். அமைச்சரே சொல்லிவிட்டாரே என்று கத்தினேன். “எங்களுக்கு ஒண்ணும் சொல்லலீங்களே,” என்று என் மேசையையும் சேர்த்து அளந்துவிட்டுப் போனார். சொத்துப் பிரிவு அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். “சொன்னார்தான். பேப்பர் வரலையே,” என்றார். பேப்பர் இருந்தபோது சொன்னாரா என்றார்கள். சொன்ன பிறகு பேப்பர் எங்கே என்கிறார்கள். ரிசீவரை வைத்துவிட்டு நான் அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

அப்போதுதான் நான்காம் அறைக்காரி உள்ளே வந்தாள். நான் அழுவதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

“அக்கா, மந்திரிக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதணும்.”

“இப்ப நன்றி ஒண்ணுதான் குறைச்சல்!”

“எழுதுங்க அக்கா. நான் சொல்றேன்.”

வழக்கப்படி நானே ஆரம்பித்தேன்: ‘தங்கள் கருணை உள்ளத்தையும் தூங்காத இரவுகளையும்...’ படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன்.

“தூங்கலைங்கறதை எடுத்துடுங்க. அவர் தூங்கினாரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? கருணையும் வேண்டாம். வெள்ளிக்கிழமை இத்தனை மணிக்கு, இந்த இடத்துல, இன்னார் முன்னால, காலி பண்ண வேண்டாம், பத்து வருஷம் இருக்கலாம்னு நீங்க சொன்னீங்க. நாங்க கேட்டோம். அதுக்கு நன்றி. திங்கட்கிழமை ஒருத்தர் வந்து அளந்துட்டுப் போனார். அவருக்கு விஷயம் தெரியலை, தயவுசெஞ்சு சொல்லிடுங்க. அவ்வளவுதான். கீழ தேதி போடுங்க.”

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். பத்துத் தலைவர்களுக்கு எழுதிக் கொடுத்த எனக்கு இது தோன்றவில்லையே!

பன்னிரண்டு அம்மாக்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு காலைப் பொழுது முழுக்க ஆயிற்று, ஏனென்றால் ஒவ்வொருத்திக்கும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துக் காட்ட வேண்டும் என்று நான்காம் அறைக்காரி பக்கத்திலேயே நின்றாள். எழுதத் தெரியாத இரண்டு பேர் கைநாட்டு வைத்தார்கள், மூன்று தடவை கேட்ட பிறகு.

சொத்துப் பிரிவில் கொடுத்தேன். அதிகாரி தலையைச் சொறிந்தார். மனுவாக இருந்தால் மனுப் பெட்டியில் போட்டிருப்பார். நன்றி என்று ஒன்று அந்த அலுவலகத்துக்கு அதுவரை வந்ததே இல்லையாம். எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே அனுப்பினார். மேலே இருப்பவர்களும் தெரியாமல் இன்னும் மேலே அனுப்பினார்கள். அமைச்சர் அதைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். பத்திரிகையில் வந்த பிறகு அவராலேயே அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஒன்பதாம் நாள் சொத்துப் பிரிவின் பியூன் ஒரு உறையோடு வந்தார். நன்றிக் கடிதத்துக்குப் பதில் என்பதால், அதில் முதல் கையெழுத்துப் போட்டிருந்த நான்காம் அறைக்காரியின் பெயருக்கே உறை வந்திருந்தது. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பியூன் பதிவேட்டை நீட்டினார்.

“இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. நான் இன்னும் நாலு இடம் போகணும்.”

“முதல்ல பிரிங்க.”

“இது வாங்கினதுக்குக் கையெழுத்தும்மா. உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது.”

“எனக்கும் தெரியாதே. அதுக்குத்தான் சொல்றேன்.”

பியூன் உறையை என்னிடம் நீட்டினார். நான் பிரித்துப் படித்தேன். காலி செய்யும் அறிவிப்பு ரத்து, குத்தகை பத்தாண்டு நீட்டிப்பு, எண், தேதி, எல்லாம் இருந்தது. இன்னொரு தடவை மெதுவாகப் படிக்கச் சொன்னாள். படித்தேன். லென்ஸ் ஐயா பூதக்கண்ணாடியோடு ஓடிவந்தார். தாளை வாங்கி அடியில் பார்த்தவர் முகம் சுருங்கியது. “இது அமைச்சர் போட்டது இல்லையே. யாரோ பிரிவு எழுத்தர்,” என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆல்பத்தைப் பார்க்கப் போனார்.

“பத்து வருஷம் அக்கா,” என்றாள் அவள். “எனக்கு நாலு வாரம் போதும். மிச்சம் அடுத்து வர்றவங்களுக்கு.”

பிறகு பியூனிடமிருந்து பேனாவை வாங்கினாள். அந்தப் பக்கத்தில் அவளுக்கு மேலே இருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கிறுக்கல் கிறுக்கியிருந்தார்கள். அவள் குனிந்து, தன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.